ஒரு ஈடு இட்லி, ஒரு கூறு மாம்பழம்: பொருள்களுக்குப் புதிய கூட்டப்பெயர் ஆக்கும் முறை

கல், பழம், புல், ஆடு ஆகியவற்றின் கூட்டப்பெயர் எழுதுக. பள்ளித் தமிழ்த் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி. கற்குவியல், பழக்குலை, புற்கட்டு, ஆட்டுமந்தை என்று எழுதி மதிப்பெண் வாங்கியதோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. பிறகு கதை எழுத உட்காரும்போது, கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் 200 ஜோடிச் செருப்புக்கும், டிவிக்குப் பின்னால் புரளும் ஒயர்களுக்கும், சமையலறைக் கதவில் தொங்கும் பாலித்தீன் பைகளுக்கும் ‘நிறைய’, ‘ஏராளமாக’, ‘குவியலாக’ என்ற மூன்றே சொற்கள்தான் கைக்கு வருகின்றன. அந்த இடத்தில் ஒரு புதுச் சொல்லை எப்படி ஆக்குவது, ஆக்கிய சொல் நிற்குமா விழுமா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் இங்கே.

தேர்வில் எழுதிய பெயர்களையே மறுபடி பாருங்கள். கற்குவியலுக்குள் ‘குவி’ இருக்கிறது. புற்கட்டுக்குள் ‘கட்டு’. அடுக்கு, திரள், சுருள், பொதி ஆகியவற்றில் வினைதான் அப்படியே பெயராக நிற்கிறது. கோவைக்குள் இருப்பது ‘கோ’, அதாவது நூலில் கோத்தல். ஆநிரையின் (பசுக்கூட்டத்தின்) ‘நிரை’ வரிசையாக நிறுத்துவது. ஆக, தமிழில் கூட்டப்பெயர் பெரும்பாலும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறது: இவை எப்படி ஒன்று சேர்ந்தன? யாரோ கட்டினார்கள், யாரோ குவித்தார்கள், அல்லது தானாகத் திரண்டன. பொருளின் குணம் என்ன என்பது அதற்குப் பிறகுதான்.

ஆங்கிலத்தின் வழி வேறு. அங்கே 1486இல் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூலில் வேட்டைக்காரர்கள் விலங்குக் கூட்டங்களுக்கு வழங்கிய பெயர்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. நடுநடுவே மனிதர்களைக் கிண்டல் செய்யும் பெயர்களும் உண்டு. காக்கைக் கூட்டத்தைக் ‘கொலை’ என்பது அந்த மரபில் வந்தது. அதைத் தமிழில் ‘காக்கைகளின் கொலை’ என்று எழுதினால் காக்கைகளை யாரோ கொன்றுபோட்ட செய்தியாகிவிடும். காரணம் சொல் மட்டுமல்ல, வரிசையும்தான். ஆங்கிலத்தில் வியப்பான சொல் முதலில் வந்து பொருள் பின்னால் வரும். நமக்குப் பொருள் முதலில், கூட்டச்சொல் கடைசியில். ‘செருப்பு’ என்று கேட்டு முடித்த காதில்தான் அடுத்த சொல் விழுகிறது. ஆகவே தமிழில் அடி விழுவது கடைசிச் சொல்லில். இந்தக் கடைசிச் சொல்லைத் தலைச்சொல் என்று வைத்துக்கொள்வோம். அது குறுகியதாக இருக்கட்டும். இரண்டு முதல் ஐந்து எழுத்துக்குள் முடிந்தால் நல்லது. ‘செருப்பு ஒருங்கிணைவு’ என்று நீண்டால் அரசாணை வாசனை அடிக்கும்.

இருக்கிற பெயரை முதலில் விசாரியுங்கள்

புதிது ஆக்குவதற்கு முன், அந்தப் பொருளை விற்பவரும் தூக்குபவரும் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாவிக்குக் கொத்து இருக்கிறது. ரூபாய் நோட்டுக்குக் கத்தை. வெற்றிலைக்குக் கவுளி, பெரும்பாலும் 100 இலை என்பது கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். நூலுக்குக் கண்டும் சிட்டமும். புகையிலைக்கும் அரிசிக்கும் சிப்பம். பூவுக்குச் சரம், பந்து, செண்டு. நாற்றுக்கு முடி. களத்து நெல்லுக்கு அம்பாரம், வைக்கோலுக்குப் போர். காகிதத்துக்கு ரீம், 500 தாள்.

ஒரே காய்க்குலையை மொழி எவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதற்குத் தேவநேயப் பாவாணர் தரும் வரிசை நல்ல பாடம்: அவரை, துவரைக்குக் கொத்து; கொடிமுந்திரிக்கு, அதாவது திராட்சைக்கு, குலை; வாழைக்குத் தாறு; அந்தத் தாற்றின் ஒரு பகுதி சீப்பு; கேழ்வரகு, சோளத்துக்குக் கதிர்; நெல், தினைக்கு அலகு அல்லது குரல். இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ‘வாழைப்பழ அணிவகுப்பு’ என்று எழுதினால், வாழைத்தார் பார்க்காதவர் எழுதியது என்று கடைக்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். பெயர் இல்லாத இடத்தில்தான் புதுப்பெயருக்கு வேலை.

பெயர் இல்லாத இடங்கள் எவை? பெரும்பாலும் கடந்த 50, 60 ஆண்டுகளில் வீட்டுக்குள் வந்து சேர்ந்தவை. பிளாஸ்டிக் டப்பா, சார்ஜர், ரிமோட், மாத்திரை அட்டை, ஹெல்மெட், கேரி பேக், பழைய செல்போன். இவை வந்த வேகத்துக்கு மொழி பெயர் வைத்து முடிக்கவில்லை.

வினைப் பட்டியல்

ஒரு தாளும் 10 நிமிடமும் போதும். பொருளின் பெயரை மேலே எழுதிவிட்டு, கீழே வினைகளை மட்டும் எழுதுங்கள். பெயரடையே வேண்டாம், ‘அழகான’, ‘தனிமையான’ எல்லாம் இந்தத் தாளுக்கு வரக்கூடாது. குறைந்தது 12 வினை. முதல் ஐந்து எல்லோருக்கும் தோன்றுபவை, ஏழாவதுக்குப் பிறகுதான் கண் திறக்கும். திணறினால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இவற்றை யார் இங்கே கொண்டுவந்தார்? எந்தக் கை அசைவில் வந்து விழுந்தன? ஒன்றை ஒன்று தொடுகின்றனவா, தொங்குகின்றனவா, சாய்கின்றனவா? எதற்காகக் காத்திருக்கின்றன? ஒன்றை உருவினால் மற்றவை என்ன செய்யும்?

கடைசிக் கேள்விதான் அதிகம் விளையும். சாவிக்கொத்தில் ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கில் நடுவில் உள்ளதை எடுக்க முடியாது. டிவிக்குப் பின்னால் ஒரு ஒயரை இழுத்தால் வேறெங்கோ ஒரு பெட்டி நகரும். மூன்றும் மூன்று விதமான கூட்டம். மூன்றுக்கும் ‘குவியல்’ போதாது என்பது அப்போதுதான் தெரியும்.

வினையைப் பெயராக்கும்போது

தமிழில் வினையிலிருந்து பெயர் வர விகுதிகள் பல உண்டு. கூட்டப்பெயருக்கு எல்லாம் ஒத்துவராது.

விகுதியே இல்லாமல் வினையடி பெயராக நிற்பது (கட்டு, அடுக்கு, திரள், சுருள்) முதல் தேர்வு. குட்டையானது, உறுதியானது, ஏற்கனவே இருந்த சொல் மாதிரி தோன்றும். அடுத்தது ‘அல்’: குவியல், சிதறல், தொங்கல், பிணையல், பதுக்கல். வேலை முடிந்தபின் கிடக்கிற நிலையை இது காட்டும். ‘அம்’ போட்டால் ஒரு நிறுத்தம், தேக்கம் வரும்: கூட்டம், ஒதுக்கம், முடக்கம். ‘பு’ பெரும்பாலும் யாரோ திட்டமிட்டுச் செய்ததைச் சொல்லும்: தொகுப்பு, அடைப்பு, அணிவகுப்பு. நெருக்கத்துக்கும் சத்தத்துக்கும் ‘சல்’: நெரிசல், இரைச்சல்.

‘தல்’, ‘கை’ இரண்டையும் விட்டுவிடுங்கள். குவிதல் என்பது செயல், குவியல் என்பது பொருள். ‘செருப்புக் குவிதல்’ என்றால் இன்னும் குவிந்து முடியவில்லை.

இன்னொரு பொறி, ஏற்கனவே வேறு வேலையில் சேர்ந்துவிட்ட சொற்கள். தொகுதி என்பதற்குக் கூட்டம் என்ற பொருள் இருந்தும் ‘நாற்காலித் தொகுதி’ என்றதும் வாசகர் தேர்தலுக்குப் போய்விடுவார். கழகம் சொன்னால் கொடி நிறம் தேடுவார். ‘சாவிக்கோவை’ என்றால் ரயில் ஏறிவிடுவார். ‘மொய்’ கல்யாணக் கவருக்குச் சொந்தம். ‘கணம்’ நொடியாகிவிட்டது. திணிப்பு என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்கு அதன் முன்னால் எந்தச் சொல் தானாக வந்து உட்காரும் என்று சொல்லவே வேண்டாம். இந்த நிழல்களை எப்போதும் ஒதுக்க வேண்டும் என்றில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பைக்குள் நூறு பைகளைச் செருகி வைக்கும் வழக்கத்துக்குப் ‘பதுக்கல்’ சரியாகப் பொருந்தும். ரேஷன் அரிசிப் பதுக்கல் செய்தியின் வாசனை அங்கே சிரிப்பை வரவழைக்கும்:

“கதவைச் சாத்தியபோதுதான் அம்மாவின் பாலித்தீன் பதுக்கல் தெரிந்தது. ஒன்றை உருவினேன், எட்டு வந்தன.”

தொழிலிலிருந்து இரவல்

புதிதாக ஒரு சொல்லைச் செதுக்குவதைவிட, ஒரு தொழிலின் கூட்டச்சொல்லை வேறு பொருளுக்கு இரவல் வாங்குவதுதான் கதையில் அதிகம் நிற்கிறது. சொல் வாசகருக்குத் தெரியும், இடம்தான் புதிது. விளக்கம் தேவைப்படாது.

‘ஈடு’ என்ற சொல்லைப் பாருங்கள். இட்லிப் பானையில் ஒரு தடவை ஊற்றி எடுப்பது ஒரு ஈடு. ஒரே சூட்டில் ஒன்றாக வெந்து ஒன்றாக வெளியே வந்தவை. இதை அயர்ன் வண்டிக்குக் கொண்டுபோனால்: “பெட்டியில் போட்ட கரி ஆறுவதற்குள் ஒரு ஈடு சட்டை முடித்துவிடுவார்.” சூடும் கணக்கும் சேர்ந்தே வந்துவிட்டன.

‘கூறு’ சந்தைச் சொல். தரையில் சாக்கு விரித்து, எடை போடாமல், கண்ணளவில் சிறு சிறு குவியலாகப் பிரித்து ஒரே விலைக்கு விற்பது. குவியலுக்கும் கூறுக்கும் வேறுபாடு, கூறு என்றால் ஒரு கை பங்கிட்டிருக்கிறது. காய்கறி விற்று ஓய்ந்த பாட்டி பாத்திரமாக இருந்தால்: “டீப்பாயின் மேல் மூன்று மாத்திரைக் கூறு. காலை, மதியம், இரவு.” அவளுடைய பழைய தொழிலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்துவைப்பது கிடை. இரவு 11 மணிக்கு மேல் டிப்போவில் நெருங்கி நிற்கும் பேருந்துகளுக்கு அது கச்சிதம்: “பஸ் கிடை அடங்கிவிட்டது. காவலாளி மட்டும் கம்போடு சுற்றி வந்தார்.” அந்தக் கம்புதான் இரவலை நியாயப்படுத்துகிறது. இரவல் சொல்லோடு அதன் தொழிலிலிருந்து இன்னும் ஒரு பொருளையோ அசைவையோ கூட எடுத்துவந்தால் சொல் தனியாகத் துருத்தாது. இரண்டு எடுத்தால் மிகையாகிவிடும். கம்பும் நாயும் சேர்ந்து வந்தால் வாசகர் டிப்போவை மறந்துவிடுவார்.

இருசக்கர வண்டியின் இரு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டு விற்றுவருவார்களே, அதற்குத் தென்னையிலிருந்து: குடக்குலை. கல்யாணத்தில் வந்த, பெயர் பொறித்த, ஒருநாளும் அடுப்பேறாத எவர்சில்வர் பாத்திரங்கள் பரணில் வரிசையாக வீற்றிருப்பதற்கு: எவர்சில்வர் கொலு. களத்தில் நெற்கதிரைப் போரடிக்கும்போது மாடுகளை ஒன்றோடொன்று கட்டி வளைய வளைய ஓட்டுவது பிணையல். பாம்புகள் பின்னிக்கிடப்பதற்கும் அதே சொல். டிவிக்குப் பின்னால் கிடப்பது அதுதான், ஒயர் பிணையல். ‘ஒயர் சிக்கல்’ என்றால் மின்வாரியத்துக்குப் போன் போடத் தோன்றும்.

தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கும் குடங்களுக்கு ஒரு பழஞ்சொல் கைகொடுக்கும்: குடநிரை. சங்கப் பாடல்களின் வெட்சித் திணையில் ஆநிரையைக் கவர்வதுதான் போரின் தொடக்கம். தண்ணீர்க் குழாயடியில் ஒரு குடத்தை ஒருவர் முன்னே நகர்த்திவைத்தால் என்ன நடக்கும் என்று தெருவுக்குத் தெரியும். ஆனால் இந்தச் சொல்லைச் சொல்லத் தகுந்த கதைசொல்லி வேண்டும். பத்து வயதுச் சிறுவன் கதை சொல்லும்போது ‘நிரை’ வந்தால் அது எழுத்தாளரின் குரல். சிறுவனின் வாயில் அது சாரை, எறும்புச் சாரை மாதிரி. ‘குழாம்’, ‘ஆயம்’, ‘தொழுதி’ போன்ற பழஞ்சொற்களுக்கும் இதே அளவுகோல். அகராதியிலிருந்து எடுத்தது தெரிந்தால் தோல்வி.

இரவல் தவறிப்போகும் இடமும் உண்டு. நாற்றுக்கட்டுக்கு ‘முடி’ என்பது அழகான சொல்தான். ஒரு டம்ளரில் குத்திவைத்த ஐந்து பல் பிரஷ்கள் நாற்றுமுடி போலத்தான் இருக்கும். ஆனால் ‘பிரஷ் முடி’ என்று எழுதிப் பாருங்கள், பிரஷின் தூரிகை மயிராகிவிடும். பொருளும் தலைச்சொல்லும் சேர்ந்தபின் வேறு அர்த்தம் முளைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மனிதக் குழுக்களின் சொற்களை எடுக்கும்போது இன்னும் கவனம்: பஞ்சாயத்து, பட்டாளம், ஜமா, கோஷ்டி எல்லாம் தாராளமாகப் பயன்படும். சாதியையோ ஒரு குடியிருப்பையோ இழிவாகச் சுட்டும் சொல்லைப் பொருளுக்குத் தலைச்சொல்லாக்குவது வேடிக்கையல்ல, அது எழுதியவரைப் பற்றித்தான் சொல்லும்.

செருப்பை எடுத்துக்கொள்வோம்

முழுதாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். வீட்டு வாசலிலோ மண்டப வாசலிலோ கழற்றிவிட்ட செருப்புகள். வினைத்தாளில் வருபவை: கழற்று, உதறு, விடு, சிதறு, மிதி, ஒதுக்கு, கவிழ், பிரி, மாறு, தேடு, காத்திரு, குவி, அடை, திரள், தொலை.

பெயராக்குவோம். ‘உதறல்’ பார்க்க நன்றாக இருக்கிறது. காலை உதறிச் செருப்பை விடும் அசைவு அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் உதறல் என்றால் பயத்தில் எடுப்பது. செருப்புக்கு எதற்கு உதறல் என்று வாசகர் கேட்பார். ‘கவிழ்ப்பு’ ஆட்சிக்குப் போய்விடும். ‘பிரிவு’ அலுவலகத்தில் இருக்கும். ‘மாற்றம்’ எதையும் காட்டாது. ‘தேடல்’ இலக்கியக் கூட்டத்தில் தேய்ந்துவிட்டது. மிஞ்சுவது சிதறல், ஒதுக்கம், அடைப்பு, திரள்.

இப்போது இடம். மண்டப வாசலுக்குச் ‘சிதறல்’ பொருந்தும். பந்திக்கு ஓடுகிறவர் காலிலிருந்து செருப்பு எங்கு விழுந்தது என்று பார்ப்பதில்லை. கோயிலில் டோக்கன் வாங்கி மரத் தட்டுகளில் வைக்கும் செருப்புக்கு ‘அடைப்பு’. அங்கே ஒரு கை அடுக்கியிருக்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டின் டைல்ஸ் தரைக்குப் பயந்து சுவரோரம் வைத்தவற்றுக்கு ‘ஒதுக்கம்’; வைத்தவரின் கூச்சமும் சேர்ந்து தெரியும்.

‘திரள்’ இருக்கிறதே, அது மக்களுக்கும் அடியார்க்கும் வழங்கிய சொல். ஆள் தெரியாமல் ஆட்கள் இருப்பது தெரிய வேண்டிய காட்சிக்கு அதைவிட வேறில்லை:

“தெருமுனை திரும்பியதுமே வாசலில் செருப்புத் திரள் கண்ணில் பட்டது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.”

சாவு வீடு என்று எங்கும் சொல்லவில்லை. ஒரே பொருளுக்கு நான்கு பெயர் கிடைத்தது, நான்கும் நான்கு வாசல். பொருளுக்கு நிரந்தரமாக ஒரு பெயர் சூட்டுவது அகராதிக்காரர் வேலை. கதையில் அந்த நேரத்துப் பெயர் போதும்.

சேர்த்து எழுதும்போது

பொருளின் பெயர் ஒருமையில் நிற்கட்டும். சாவிக்கொத்து, ‘சாவிகளின் கொத்து’ அல்ல, ‘சாவிகளின் ஒரு கொத்து’ நிச்சயமாக அல்ல. ‘இன்’ உருபு நுழைந்ததுமே அது பெயராக இல்லாமல் விளக்கமாகிவிடுகிறது.

புணர்ச்சியில் அடிக்கடி இடறுவது நான்கு இடம். ‘ம்’ ஈறு கெட்டு வல்லினம் மிகும்: குடம், குலை சேர்ந்தால் குடக்குலை, பாத்திரம், பஞ்சாயத்து சேர்ந்தால் பாத்திரப் பஞ்சாயத்து. மெல்லினம் வந்தால் ‘ம்’ மட்டும் போகும், குடநிரை. செருப்பு, துடைப்பம் செய்யும் ஈர்க்கு போல ப்பு, க்கு, ட்டு என்று முடியும் சொற்களுக்குப் பின் க, ச, த, ப தவறாமல் மிகும்: செருப்புச் சிதறல், ஈர்க்குக் கட்டு. டு, று ஈற்றுச் சொற்கள் பல இரட்டிக்கும்: கயிறு, கயிற்றுச் சுருள். இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. கூரை ஓடும் இப்படி ‘ஓட்டு’ ஆகும். ‘ஓட்டு அடுக்கு’ என்று எழுதினால் வாக்குச்சாவடி வந்துவிடும். ‘கூரையோட்டு அடுக்கு’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் தப்பிக்கலாம்.

ல், ள் ஈறுகள்தான் உண்மையான தொல்லை. கல், குவியல் சேர்ந்து கற்குவியல் ஆனது பழகிவிட்டது. தாளும் கட்டும் சேர்ந்து ‘தாட்கட்டு’ ஆனால் தாள் காணாமல் போகிறது. புதுச்சொல்லில் பொருள் கண்ணில் படுவது முக்கியம். எனவே இப்படிப்பட்ட பொருளுக்கு உயிரெழுத்தில் தொடங்கும் தலைச்சொல்லைத் தேடுங்கள்: தாள் அடுக்கு. ஒயர், டம்ளர், ஹெல்மெட் மாதிரி மெய்யில் முடியும் பிறமொழிச் சொற்களுக்கு ஒற்று போடாமல் இடம் விட்டு எழுதுவதே இன்றைய உரைநடைக்கு உறுத்தாது. இலக்கணம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ‘ஒயர்ப் பிணையல்’ என்று திருத்தினால் வாதிட வேண்டாம், இரண்டும் செல்லும். கதை முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள்.

வினைமுடிபு: ‘செருப்புத் திரள் கிடந்தது’. ‘கிடந்தன’ என்றால் கூட்டம் கலைந்து தனித்தனிச் செருப்பாகிவிடும். ஆனால் அளவுச்சொல் முன்னால் வந்தால் எழுவாய் மாறுகிறது. “கதவு திறந்ததும் ஒரு ஈடு பிள்ளைகள் டியூஷன் முடித்து வெளியே வந்தார்கள்” என்பதில் எழுவாய் பிள்ளைகள். கீரைக்கட்டு என்றால் அந்தப் பொருள். ஒரு கட்டு கீரை என்றால் அளவு. புதுச்சொல் இரண்டு வரிசையிலும் நின்றால் அது முழு உயிரோடு இருக்கிறது என்று பொருள். ‘மூன்று கூறு மாத்திரை’, ‘மாத்திரைக் கூறு’ இரண்டும் நிற்கின்றன. ‘எவர்சில்வர் கொலு’ நிற்கும், ‘ஒரு கொலு எவர்சில்வர்’ நொண்டும். அதனால் கொலுவைத் தள்ள வேண்டாம். அளவாகப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும்.

தட்டிப் பார்ப்பது

மண்பானையைத் தட்டி வாங்குவது போல மூன்று தட்டு. முதலாவது எண்ணிப் பார்ப்பது. ‘ஒரு செருப்புச் சிதறல்’ சொல்லலாம். ‘ஒரு டம்ளர் கலகலப்பு’ சொல்ல வராது, ஏனென்றால் கலகலப்பு கூட்டத்தின் பெயரல்ல, அது எழுப்பும் ஓசை. புதிதாக முயல்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: சாவிகளின் ரகசியம், குடைகளின் தனிமை, கடிகாரங்களின் பொறுமை. இவை கூட்டப்பெயர் அல்ல, பாதிக் கவிதை.

இரண்டாவது, புதுச்சொல்லை எடுத்துவிட்டு ‘கூட்டம்’ என்று போட்டுப் படியுங்கள். வரியில் எதுவும் குறையவில்லை என்றால் ‘கூட்டம்’ இருக்கட்டும். மூன்றாவது, சொல்லை விளக்காமல் ஒருவருக்கு அந்தப் பத்தியைப் படித்துக் காட்டி, என்ன தெரிந்தது என்று கேளுங்கள். “நல்ல வார்த்தை” என்று சொன்னால் சொல் தோற்றது. “அந்த வாசல்ல அவ்வளவு பேரா?” என்று கேட்டால் வென்றது.

வரிக்குள் வைக்கும் இடம்

முதல் முறை வரும்போது சொல்லை ஒரு நிலைவினையோடு வையுங்கள்: கிடந்தது, தொங்கியது, சாய்ந்திருந்தது, படர்ந்தது. புதுச்சொல்லுக்கு வடிவம் தருவது அந்த வினைதான். ‘ஒயர் பிணையல் இருந்தது’ என்பதில் எதுவும் தெரியவில்லை. ‘ஒயர் பிணையல் சுவரோரம் படுத்திருந்தது’ என்றால் தெரிகிறது. ‘போன்ற’, ‘என்று சொல்லத்தக்க’, ‘ஒருவித’ எல்லாம் வேண்டாம். மேற்கோள் குறி போட்டால் ‘பார், நான் ஆக்கிய சொல்’ என்று கையைப் பிடித்து இழுப்பதாகும். இந்தக் கட்டுரையில் குறி போட்டிருப்பது சொல்லையே பேசுபொருளாக்குவதால்தான். கதையில் அதற்கு இடமில்லை.

இரண்டாம் முறை தலைச்சொல் மட்டும் போதும்: ‘அந்தத் திரள்’. அப்படி வரும்போது வாசகர் தடுமாறவில்லை என்றால் சொல் கதைக்குள் குடியேறிவிட்டது. 1,000 சொல் கதைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அடுத்தடுத்த வரிகளில் குடக்குலையும் பஸ் கிடையும் எவர்சில்வர் கொலுவும் வந்தால் வாசகர் கதையை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார். உச்சக்கட்டக் காட்சியில் புதுச்சொல்லை அறிமுகம் செய்யாதீர்கள். முன்பே அறிமுகமான சொல்லை அங்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

உரையாடலில் வைப்பதானால் பேசுபவரின் தொழிலோ ஊரோ அந்தச் சொல்லைத் தந்திருக்க வேண்டும். வீட்டில் சண்டை போடும் மனைவி “இந்த ரிமோட் பட்டாளத்துல ஏசிக்கு எதுங்க?” என்று கேட்பாள். அவளே ‘ரிமோட் திரள்’ என்று கேட்க மாட்டாள்.

கவிதையில் ஒரு சிறு சிக்கல். ‘செருப்புத்’ என்று ஒற்றோடு வரியை உடைத்தால் படிப்பவரின் நாக்கு அந்தரத்தில் நிற்கும். அந்தத் தடுமாற்றம் வேண்டும் என்றால் உடைக்கலாம். இல்லையென்றால் பொருளும் தலைச்சொல்லும் ஒரே வரியில் இருக்கட்டும்.

பயிற்சிக்கு

நான்கு பேர் இருந்தால் துண்டுச் சீட்டு விளையாட்டு. 10 சீட்டில் வீட்டுப் பொருள்கள், 10 சீட்டில் தொழில் கூட்டச்சொற்கள்: ஈடு, கூறு, கிடை, பந்தி, சிப்பம், சாரை, அம்பாரம், போர், கவுளி, பிணையல். கண்ணை மூடி ஒன்றும் ஒன்றும் எடுத்துச் சேருங்கள். பெரும்பாலானவை குப்பைக்குப் போகும். ‘கரண்டிக் கவுளி’ வந்தால் சிரித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ‘ஹெல்மெட் பந்தி’ மாதிரி ஒன்று வந்தால் நிறுத்துங்கள்: ஹோட்டல் மேசையில் சாப்பிடுபவர்களுக்கு எதிரே ஹெல்மெட்டுகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிகிறதா? தெரிந்தால் உடனே அந்தச் சொல் வரும்படி இரண்டு வாக்கியம் எழுதுங்கள். வாக்கியமில்லாமல் சொல்லை மட்டும் குறித்துவைத்தால் மறுநாள் அது எதற்கு என்று நினைவிருக்காது.

எழுதியதை மூன்று நாள் கழித்துப் படியுங்கள். கண் அந்தச் சொல்லில் இடறி நின்றால் முதலில் சொல்லை மாற்றாதீர்கள், அதற்கு முந்தின வாக்கியத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இடம் சொல்லாமல் விட்டிருப்பீர்கள்: வாசலா, பரணா, கதவின் பின்புறமா. அதைச் சேர்த்தபின்னும் இடறினால் ‘கூட்டம்’ என்று போட்டுவிட்டு மேலே எழுதுங்கள்.